டீட்டர்பரோவின் 1500 அடி: புறப்பாட்டு நடைமுறையில் பைலட்டுகள் எங்கே தவறுகிறார்கள்?

தென்றல்வெளி

நியூஜெர்சியில் டீட்டர்பரோ என்று ஒரு விமான நிலையம். நியூவார்க்கிலிருந்து பத்து, பதினோரு கடல் மைல்தான் இருக்கும். எடை 1,00,000 பவுண்டைத் தாண்டினால் அங்கே இறங்க முடியாது, அதனால் வருவதெல்லாம் பிசினஸ் ஜெட்கள். நான் அந்த வட்டாரத்தில் பறக்கிற கோ-பைலட். 24ஆம் ரன்வேயிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ‘ரூடி’ என்று ஒரு புறப்பாட்டு நடைமுறை உண்டு. சிட் என்றுதான் நாங்கள் சொல்வோம். அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

சார்ட்டைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். வென்ட்ஸ் என்ற புள்ளியை 1500 அடியில் கடக்கணும். அடுத்த புள்ளி டாஸ்கா, அங்கே 2000 அடி. அதற்கு மேலே கன்ட்ரோலர் சொன்னால்தான். இந்த இரண்டே எண்களில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள்கூட வருடக்கணக்காகத் தவறிவந்திருக்கிறார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவும் பிசினஸ் விமானச் சங்கமான என்பிஏஏவும் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட வேண்டி வந்தது.

1500க்குக் காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. நியூவார்க்கில் இறங்கப்போகும் பயணிகள் விமானங்கள் அந்தப் பாதையைக் குறுக்கே கடக்கின்றன, ஆயிரம் அடி உயர இடைவெளியில். நாம் 1500ஐத் தாண்டி 2000க்குப் போய்விட்டால் அந்த இடைவெளியில் பாதி காலி.

கிளம்பிய பிறகு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஊர் கடல் மட்டத்திலிருந்து பத்தடி உயரம்கூட இல்லை. எரிபொருள் குறைவாகப் போட்டுக்கொண்டு கிளம்பும் ஜெட் நிமிடத்துக்கு 3500, 4000 அடி ஏறும். சக்கரம் தரையை விட்டு அரை நிமிடத்துக்குள் 1500 வந்துவிடும். அதற்குள் கியர் (சக்கரங்கள்) மேலே, ஃப்ளாப் (இறக்கையின் மடிப்புகள்) உள்ளே, டேக்-ஆஃப் பவரிலிருந்து ஏறும் பவருக்கு மாற்றம். டவர் ‘டிபார்ச்சரைக் கூப்பிடுங்கள்’ என்கிறது, அதாவது புறப்பாட்டைப் பார்க்கும் ரேடார் கன்ட்ரோலரை. ஃப்ரீக்வென்சியை மாற்றினால் அங்கே ஏற்கெனவே நாலு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், இடைவெளிக்குக் காத்திருக்கணும். மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்கிற விமானம் 1500ல் மட்டமாக வேண்டுமென்றால் 1000 அடியைத் தாண்டுவதற்குள் பவர் குறைந்திருக்கணும். கை மட்டும் அந்தக் கட்டத்தில் பவரைக் கூட்டியே பழகிய கை.

தினமும் வேறு ஊர்களில் 5000, 10,000 அடி வரை நிற்காமல் ஏறுகிறவரை இங்கே மட்டும் அரை நிமிடத்தில் நில் என்கிறோம். இதைக் ‘கவனக்குறைவு’ என்று ஒரே சொல்லில் மூடிவிடக் கூடாது என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நீலவானம்72

மன்னிக்கணும், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. சார்ட் கையில் இருக்கிறது. எண் பெரிதாக அச்சடித்திருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் படிக்க நேரம் இருக்கிறது. சம்பளம் வாங்குகிற தொழில்முறை பைலட் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? நடைமுறைமேல் பழி போட ஆரம்பித்தால் அதற்கு எல்லையே கிடையாது. மேலே நியூவார்க்குக்கு வருகிற பயணிக்கு இதெல்லாம் தெரியாது. அவர் உயிர் அந்த ஆயிரம் அடியை நம்பித்தான் இருக்கிறது.

டவர்_அக்கா

நீலவானம் சார், நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் முழுக் கதை அது இல்லை. நான் வளைகுடாவில் அப்ரோச் ரேடாரில் உட்கார்ந்திருந்தவள், இப்போது ஓய்வு. என்னைப் போன்றவர்கள் பயிற்சியில் திரும்பத் திரும்பப் பேசிய சம்பவம் ஒன்று உண்டு.

2009 ஜூலை 27. லண்டன் சிட்டி விமான நிலையத்திலிருந்து ஒரு சின்ன செஸ்னா சைட்டேஷன் கிளம்புகிறது. அங்கேயும் இதே மாதிரி படிப்படியாக ஏறும் சிட். முதலில் 3000 அடி, குறிப்பிட்ட இடம் தாண்டிய பிறகுதான் 4000. டவர் கொடுத்த அனுமதியைப் பைலட் திருப்பிச் சொல்லும்போது 4000 என்று சொல்லிவிட்டார். டவரில் இருந்தவர் காதில் அது தப்பு என்று படவில்லை. விமானம் 3000ஐத் தாண்டி ஏறியது. 4000 அடியில் ஹீத்ரோவுக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு போயிங் 777க்கும் அதற்கும் பக்கவாட்டில் அரைக் கடல் மைல், உயரத்தில் 100 முதல் 200 அடிதான் இடைவெளி. பிரிட்டனின் விபத்துப் புலனாய்வு அமைப்பு ஏஏஐபி இதை முழு விசாரணையாக எடுத்தது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது இரண்டு விஷயம். ஒன்று, தப்பைப் பிடிக்க வேண்டிய கடைசி ஆள் கன்ட்ரோலர், அவர் பிடிக்கவில்லை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை அதே சிட், அதே 3000 என்று கேட்கிற காது, வந்ததைக் கேட்காமல் வரவேண்டியதைக் கேட்டுவிடும். இரண்டாவது, அந்த 4000 எங்கிருந்தோ வந்த எண் கிடையாது. அதே சிட்டில் அடுத்த படி. ஒரே பக்கத்தில் இரண்டு உயரம் இருந்தால் கண் போய் ஒட்டுவது கடைசி உயரத்தில்தான், இது என் அனுபவத்தில் பார்த்தது.

அதன் பிறகு லண்டன் சிட்டியில் படிப்படி ஏற்றத்தையே எடுத்துவிட்டார்கள். புறப்பாடு 3000 அடியோடு முடியும், மேலே போவது ரேடார் கன்ட்ரோலர் சொன்ன பிறகு. பைலட்டுகளை மட்டும் திட்டியிருந்தால் அந்தக் குழி இன்னும் அங்கேயேதான் இருந்திருக்கும்.

நீலவானம்72

லண்டன் சிட்டி விஷயம் எனக்குப் புதுசு, நன்றி மேடம். அப்படியானால் டீட்டர்பரோவில் ஏன் எடுக்கவில்லை?

டவர்_அக்கா

நியூயார்க் வான்வெளியில் வேலை செய்தவள் இல்லை நான், அதனால் வரைபடத்தைப் பார்த்துப் புரிந்ததைச் சொல்கிறேன். கென்னடி, லகார்டியா, நியூவார்க், டீட்டர்பரோ நான்கும் ஒன்றின் தோளில் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பாதையை நகர்த்தினால் மூன்று பாதை நகர வேண்டும். டாஸ்கா வரைக்கும் 1500லேயே போகச் சொன்னால் தாழப் பறக்கும் தூரம் கூடும், கீழே குடியிருப்புகள், சத்தத்துக்குப் புகார் வரும்.

பறவைநிழல்

இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நான் ஏர்லைன் கேப்டன், சிமுலேட்டரில் பயிற்சியும் கொடுக்கிறேன்.

உயரத் தவறு ஒரு வகைதான். தவறான பக்கம் திரும்புவது இன்னொன்று. அதில் பலருக்கும் தெரியாத ஒரு விபத்தைச் சொல்லணும். 1989 அக்டோபர் 26, தைவானில் ஹுவாலியன் விமான நிலையம், சைனா ஏர்லைன்ஸ் 204, போயிங் 737. ஹுவாலியன் தீவின் கிழக்குக் கரை. ஒரு பக்கம் பசிபிக், மறு பக்கம் சுவர் மாதிரி மலை. ரன்வே 03, 21 என்று இரண்டு திசை. 21ல் தெற்குப் பக்கமாகக் கிளம்பினால் இடது பக்கம் கடல். 03ல் வடக்குப் பக்கமாகக் கிளம்பினால் கடல் வலது பக்கம். அன்று கிளம்பியது 03ல். செய்தது எதிர்த்திசை ரன்வேக்கு உரிய திருப்பம், அதாவது இடது. சில நிமிடங்களில் மலையில் மோதி உள்ளே இருந்த 54 பேரும் இறந்துபோனார்கள். கேப்டன் அனுபவசாலி, பக்கத்தில் புதியவர். அந்த இருக்கை அமைப்பு எனக்கு ரொம்ப உறுத்தும். கேப்டன் தப்பாகத் திருப்பும்போது “சார், வலது” என்று சொல்ல வேண்டியது பக்கத்து இருக்கை. புதியவருக்கு அந்தத் தைரியம் வருவது எவ்வளவு கஷ்டம் என்று பயிற்சியில் தினம் பார்க்கிறேன்.

இப்போது திருப்பத்தை எஃப்எம்எஸ், அதாவது விமானத்தின் வழிகாட்டும் கம்ப்யூட்டர், பார்த்துக்கொள்கிறது என்று நினைப்பீர்கள். அங்கே வேறு ரூபத்தில் அதே தவறு வந்தது. 2005 வாக்கில் அட்லாண்டா, டாலஸ் ஃபோர்ட் வொர்த் மாதிரி பெரிய இடங்களில் ஆர்நாவ் சிட்கள், அதாவது கம்ப்யூட்டரே புள்ளி புள்ளியாகப் பறக்கும் சிட்கள், வந்தன. கேட்டில் நிற்கும்போது ஒரு ரன்வேயைப் போட்டு எஃப்எம்எஸ்ஸை நிரப்புவார்கள். டாக்ஸி செய்யும்போது, அதாவது தரையில் ரன்வேக்கு ஊர்ந்து போகும்போது, ரன்வே மாறும். கம்ப்யூட்டரில் பழைய ரன்வேயே இருக்கும். கிளம்பி ஆட்டோபைலட் போட்டதும் விமானம் பக்கத்து ரன்வேயின் பாதையைத் தேடிப் போகும். பக்கத்து ரன்வேயிலும் அதே நேரத்தில் ஒருவர் கிளம்பியிருப்பார். அதனால்தான் இப்போது அமெரிக்காவில் இப்படிப்பட்ட இடங்களில் டேக்-ஆஃப் கிளியரன்ஸோடு (கிளம்பும் அனுமதியோடு) டவர் முதல் புள்ளியின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறது. நாம் திரையைப் பார்த்து அதே பெயர் முதலில் இருக்கிறதா என்று ஒத்துப்பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்லணும். இரண்டு விநாடி வேலை. எத்தனை மோதலை அது தடுத்திருக்கும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

தென்றல்வெளி தம்பி, ரூடியில் உயரச் சாளரத்தில், அதாவது ஆட்டோபைலட் நிற்க வேண்டிய உயரத்தைப் போடும் இடத்தில், நீங்கள் எந்த எண்ணைப் போடுகிறீர்கள்?

தென்றல்வெளி

1500 கேப்டன். எங்கள் நிறுவனத்தில் 2000ஐத் தொடவே கூடாது, வென்ட்ஸ் தாண்டிய பிறகுதான். தாண்டியதும் பறக்காதவர் (அப்போது ஓட்டாத பைலட்) “வென்ட்ஸ் முடிந்தது” என்று வாய்விட்டுச் சொல்லணும், பறப்பவர் “2000 போடுங்கள்” என்று கேட்கணும், போட்ட பிறகு இருவரும் விரலால் சுட்டிக்காட்டணும்.

வேறு விமானங்களில் விநாவ் (ஏறி இறங்கும் உயரத்தை வழிநடத்தும் ஆட்டோபைலட் மோடு) இருக்கிறது, அது படிகளைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று 2000ஐ முதலிலேயே போடுகிறவர்கள் உண்டு. விநாவ் மோடு ஏதோ காரணத்தால் ஒட்டாமல் போனால் விமானம் சாளரத்தில் இருக்கும் எண்ணை நோக்கித்தான் ஏறும். அந்த உயரத்தில் “ஏன் நிற்கவில்லை?” என்று யோசித்து முடிப்பதற்குள் 1700 ஆகிவிடும்.

பறவைநிழல்

சரியான முறை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி ஆயிரம் அடியில் ஏறும் வேகம் நிமிடத்துக்கு 1500 அடிக்குக் கீழே இருக்கணும் என்று எஃப்ஏஏ கையேடே சொல்கிறது. ரூடியில் கடைசி ஆயிரம் அடி என்றால் 500 அடியிலிருந்தே! அதாவது தரையை விட்டதுமே அடக்கிப் பிடிக்கணும். முழுப் பவரில் பாய்ந்தால் 1500ல் சரியாக நின்றாலும் மேலே போகிற விமானத்தின் மோதல் எச்சரிக்கைக் கருவியான டிகாஸ் “இவன் என்மேல் ஏறி வருகிறான்” என்று கணக்குப் போட்டுக் கத்தும். அவர் இறங்குவதை விட்டுவிட்டு ஏற வேண்டி வரும்.

நான் பயிற்சியில் சொல்வது: கிளம்பும் முன் நடக்கும் ப்ரீஃபிங்கில் முழு சிட்டையும் ஒப்பிக்காதீர்கள். பன்னிரண்டு புள்ளி, ஆறு வேகக் கட்டுப்பாடு, நாலு ஃப்ரீக்வென்சி என்று ஒப்பித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. முதலில் நிற்கும் உயரம், முதலில் திரும்பும் பக்கம், பவரை எங்கே குறைக்கப்போகிறேன். இந்த மூன்றை மட்டும் ரன்வேயில் நுழையும் முன் மறுபடி சொல்லிக்கொள்ளுங்கள். மீதியைப் பறந்துகொண்டே பார்த்துக்கொள்ளலாம்.

சிம்_மதுரை

நான் வீட்டில் சிமுலேட்டர் ஓட்டுகிறவன்தான், கேப்டன்கள் நடுவில் பேசத் தயக்கமாக இருக்கிறது. ஆன்லைன் ஏடிசியோடு (விமானக் கட்டுப்பாட்டோடு) பறக்கும்போது அமெரிக்காவில் ‘கிளைம்ப் வயா’ என்கிறார்கள், சில நேரம் ‘கிளைம்ப் அண்ட் மெயின்டெய்ன்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

டவர்_அக்கா

ஒன்றே இல்லை தம்பி, கேட்டது நல்லதாகப் போயிற்று. இதில் நிஜ பைலட்டுகளே தடுமாறுகிறார்கள். 2014 ஏப்ரலில் அமெரிக்காவில் ‘கிளைம்ப் வயா’ வந்தது. அப்படிச் சொன்னால் சிட்டில் அச்சடித்திருக்கும் ஒவ்வொரு உயரத்தையும் வேகத்தையும் அப்படியே பின்பற்றி ஏறணும். ‘கிளைம்ப் அண்ட் மெயின்டெய்ன் 10,000’ என்று மட்டும் சொன்னால் நடுவில் உள்ள உயரக் கட்டுப்பாடுகள் போய்விட்டன, நேராக ஏறலாம். வேகக் கட்டுப்பாடு அப்போதும் நிற்கும். முதல் வகையை இரண்டாவதாக எடுத்துக்கொண்டு ஏறுகிறவர்தான் ஆபத்து. அமெரிக்காவுக்கு வெளியே சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகேஓ 2016 நவம்பரில் தன் சொல் வழக்கை மாற்றியது, அதை எல்லா நாடும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் கண்டம் தாண்டிப் பறக்கிறவர்கள் காலையில் ஒரு விதி, மாலையில் ஒரு விதி என்று வாழ்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் கேளுங்கள். “வென்ட்ஸில் 1500 உண்டுதானே?” என்று ஒருவர் கேட்டால் எந்தக் கன்ட்ரோலரும் கோபப்பட மாட்டார். முதல் தொடர்பில் “700 அடி கடக்கிறேன், ரூடி வழியாக 1500க்கு” என்று நீங்களே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே பிடித்துவிடுவோம்.

மாணவபைலட்_கோவை

வணக்கம் அண்ணா, அக்கா. நான் இப்போது கலிஃபோர்னியாவில் பயிற்சியில் இருக்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம். சின்ன ஊர்களில் சிட் கிடையாது, டவரும் ராத்திரி மூடிவிடுவார்கள். அங்கே விஎஃப்ஆரில் (கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியில்) கிளம்பி மேலே போய் ஐஎஃப்ஆர் (கருவிகளை நம்பிப் பறக்கும் விதி) கிளியரன்ஸ் வாங்கிக்கொள் என்று சீனியர் பையன்கள் சொல்கிறார்கள். அது சரியா?

பறவைநிழல்

தம்பி, நீ இருக்கிற மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. சான் டியாகோ பக்கத்தில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டி ப்ரவுன் ஃபீல்டு என்று ஒரு விமான நிலையம். அதன் கிழக்கே ஓட்டாய் மலை, 3566 அடி.

1991 மார்ச் 16, நடு ராத்திரிக்கு மேல். நாட்டுப்புற இசைப் பாடகி ரீபா மெக்என்டயரின் இசைக்குழுவை ஏற்றிக்கொண்டு ஒரு ஹாக்கர் ஜெட் அங்கிருந்து கிளம்பியது. நீ சொன்ன அதே முறை: விஎஃப்ஆரில் ஏறி, மேலே கிளியரன்ஸ். சான் டியாகோவின் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழையாமல் இருக்க 3000 அடிக்குக் கீழேயே இருப்பதாகத் திட்டம். ஃபோனில் பேசிய விமானச் சேவை அலுவலரும் அதற்குத் தலையாட்டினார். மலை 3000க்கு மேலே நிற்கிறது என்று இரண்டு பக்கமும் யாரும் சொல்லவில்லை. பத்துப் பேர் இறந்தார்கள்.

பதின்மூன்று வருடம் கழித்து, 2004 அக்டோபர் 24, மறுபடி நடு ராத்திரி. நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும் ஒரு ஏர் ஆம்புலன்ஸ் லியர்ஜெட், அதே ப்ரவுன் ஃபீல்டு, அதே மாதிரி விஎஃப்ஆர் புறப்பாடு. ரேடாரில் இருந்தவர் ஒரு திசையைக் கொடுத்து விஎஃப்ஆரிலேயே இருக்கச் சொன்னார். அந்தத் திசையில் அதே மலை. பைலட் இரண்டு பேர், மருத்துவக் குழுவில் மூன்று பேர், ஐவரும் போனார்கள்.

ராத்திரியில் நிலா இல்லாமல் மலை கண்ணுக்குத் தெரியாது. தூரத்து ஊர் விளக்குகளை மறைக்கிற இருட்டாகத்தான் இருக்கும். விஎஃப்ஆரில் இருக்கிறவரை மலையைத் தவிர்ப்பது முழுக்க உன் பொறுப்பு, கன்ட்ரோலர் திசை கொடுத்தாலும். சிட் இல்லாத ஊர்களிலும் தடை தவிர்க்கும் புறப்பாட்டு நடைமுறை என்று ஒன்று பல இடங்களில் எழுதிவைத்திருப்பார்கள். அதை யாரும் உனக்கு ரேடியோவில் வாசித்துக் காட்ட மாட்டார்கள். நீயே தேடி எடுத்துப் பறக்கணும். ராத்திரி என்றால் தரையிலேயே ஃபோன் போட்டு கிளியரன்ஸ் வாங்கு. பத்து நிமிடம் தாமதமானால் ஆகட்டும்.

மாணவபைலட்_கோவை

இரண்டு விபத்தும் அதே மலையா... என் இன்ஸ்ட்ரக்டரிடம் இன்றே கேட்கிறேன் கேப்டன். நன்றி.

நீலவானம்72

முழுதும் படித்தேன். என் நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது, முழுசாக மாறவில்லை. லண்டன் சிட்டியில் நடைமுறையை மாற்றியது சரி. ஆனால் ப்ரவுன் ஃபீல்டில் இரண்டாவது விமானம் கிளம்பியபோது முதல் விபத்தின் அறிக்கை பல வருடமாக எல்லோருக்கும் திறந்திருந்தது. அதைப் படிக்காமல் அங்கிருந்து ராத்திரியில் கிளம்பியதை நான் மன்னிக்கத் தயாரில்லை. நடைமுறையைத் திருத்துவது அதிகாரிகள் வேலை, போகிற ஊரைப் பற்றிப் படிப்பது பைலட்டின் வேலை.

தென்றல்வெளி

இதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன் சார். எனக்குக் கோபம் வருவது வேறு ஓர் இடத்தில். 1500ஐத் தாண்டியவரைப் பிடித்து உடனே உரிமத்தில் கைவைத்தால் அடுத்தவர் வாயே திறக்க மாட்டார். டீட்டர்பரோவில் இத்தனை தவறு நடக்கிறது என்பதில் பெரும்பகுதி நமக்குத் தெரிய வந்ததே பைலட்டுகள் தாங்களே எழுதி அனுப்பியதால்தான்.

சிம்_மதுரை

தாங்களே எழுதுவார்களா? யாருக்கு? தண்டனை கிடையாதா அண்ணே?

தென்றல்வெளி

நாசாவுக்கு. எஃப்ஏஏவுக்கு நேராகப் போகாது, அதுதான் அதன் பலம். விமானப் பாதுகாப்புச் சம்பவங்களை எழுதி அனுப்பும் ஏற்பாடு, ஏஎஸ்ஆர்எஸ் என்று பெயர், 1976லிருந்து நடக்கிறது. எழுதியவர் பெயரையும் அடையாளத்தையும் நாசா அகற்றிவிட்டுத்தான் தகவலைத் தரவுத்தளத்தில் சேர்க்கும். சம்பவம் நடந்து 10 நாளுக்குள் அனுப்பியிருந்தால், வேண்டுமென்று செய்யாத தவறாக இருந்தால், விபத்தோ குற்றமோ இல்லையென்றால், அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் வேறு மீறல் நிரூபணமாகாமல் இருந்தால், மீறல் என்று எஃப்ஏஏ முடிவு செய்தாலும் அபராதமோ உரிம ரத்தோ விதிக்க மாட்டார்கள். கன்ட்ரோலர்களும் எழுதலாம், கேபின் ஊழியர்களும் எழுதலாம்.

அதிலிருந்து எடுத்து ‘கால்பேக்’ என்று மாத இதழ் போடுகிறார்கள், இணையத்தில் இலவசம். கோவைத் தம்பி, நீ கண்டிப்பாகப் படி. புறப்பாட்டுத் தவறுகள் பற்றி வந்த இதழ்களில் பைலட்டுகள் தங்கள் சொந்த வார்த்தையிலேயே எந்த எண்ணைப் போட்டோம், எப்போது கண்ணில் பட்டது என்று எழுதியிருப்பார்கள். டீட்டர்பரோ பெயரைப் போட்டும் தேடிப் பார். படித்துவிட்டுப் புரியாததை இங்கேயே கேள், கேப்டனும் அக்காவும் இருக்கிறார்கள்.